அறை காலி! அகம் எப்படி?



ஒருமுறை ஒரு தோழரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் ஒரு சிற்றூர். ஊரின் பெயர் வேண்டாம், தோழரின் பெயரும் வேண்டாம். முப்பது ஆண்டு கொடி பிடித்த கை அவருடையது. கிளைக் கூட்டத்துக்கு மேடை கிடைக்காத நாளில் தன் வீட்டுக் கட்டிலைத் தூக்கிவந்து போட்ட தோள் அவருடையது. நான் பேசப்போன முதல் கூட்டத்தில், தொண்டை கட்டிப்போன எனக்குச் சுக்குத்தண்ணீர் வைத்துக்கொடுத்த உள்ளமும் அவருடையதுதான்.

ஆலையிலிருந்து ஓய்வுபெற்றார். கையில் கிடைத்த பணத்தில் மகளுக்குப் போனது போக, மிச்சத்தை வைத்து மாடியில் ஓர் அறை எழுப்பினார். பத்துக்குப் பன்னிரண்டு, மேலே சிமெண்ட் ஷீட், மூலையில் ஒரு கழிப்பறை, வெளியிலிருந்தே ஏறிச்செல்லப் படிக்கட்டு. வாசலில் ஒரு பலகை: ‘மாடி அறை வாடகைக்கு’.

எனக்கு மகிழ்ச்சி. ஏன் மகிழக்கூடாது? வாடகை வாங்குபவனெல்லாம் பண்ணையார் என்று சொல்பவன் நானல்ல. ஆயிரம் ஏக்கரை வளைத்துப்போட்டு அடுத்தவன் உழைப்பில் அமர்ந்து தின்பவன் வேறு. ஆயுளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய கிழவன், மருந்துச் செலவுக்காக மாடியில் ஓர் அறையை விடுவது வேறு. அறை தேடி அலைபவன் யார்? அவனும் தொழிலாளி. அறையைக் கொடுப்பவன் யார்? நேற்றுவரை தொழிலாளி. இருவருக்கும் பயன்.

அந்த வட்டாரத்தில் அறைக்கு எவ்வளவு பஞ்சம் என்பதை ஊரே அறியும். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவே நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் வீழ்ந்தபோது, எஞ்சிய பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்களே, மறந்திருக்க முடியாது. கூலி உயர்வு கேட்டா உட்கார்ந்தார்கள்? மனிதர் தின்னும் சோறு கேட்டார்கள், மனிதர் தூங்கும் இடம் கேட்டார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு அரசின் முயற்சியில் ஒரு பெருங்குடியிருப்பு எழுந்தது. நல்லது, மிக நல்லது! ஆனால் ஆலைகள் ஒன்றா இரண்டா? அடுத்த ஷிப்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறான், தலைசாய்க்க இடம் தேடிக்கொண்டே இருக்கிறான். ஆகவே பலகையைக் கண்டு மகிழ்ந்தேன்.

தேநீர் வந்தது. தேநீரோடு ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் வந்தார்கள். பலகையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

“தம்பி எந்த ஊரு?”

“விழுப்புரம் பக்கம்ண்ணே. இங்க கம்பெனியில ஆபரேட்டர்.”

“விழுப்புரத்துல எந்தப் பக்கம்?”

ஊரைச் சொன்னான்.

“அங்க எந்தத் தெரு?”

தோழர்களே, இந்தக் கேள்வியின் பொருள் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெருவின் பெயரைத் தெரிந்துகொண்டு தபால் போடப்போகிறாரா? ஊரா, சேரியா என்று அறிய நம் நாட்டில் கண்டுபிடித்து வைத்திருக்கும் கருவி அது! அந்த இளைஞனும் அதை அறிவான். ஒரு நொடி நிறுத்தினான். பிறகு நிமிர்ந்து, “காலனிண்ணே” என்றான்.

தோழர் அடுத்ததாக அந்தப் பெண்ணைப் பார்த்தார். “பாப்பாவும் அதே ஊரா?”

“இல்லண்ணே, சேலம்.”

“கழுத்துல ஒண்ணும் காணோமே?”

“சுயமரியாதைத் திருமணம்ண்ணே. பதிவு பண்ணியிருக்கோம்” என்று அவளே சொன்னாள். சொல்லும்போது அவள் கண் தோழருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தது. அங்கே பெரியார் இருந்தார், அண்ணா இருந்தார். இந்த வீட்டில் நமக்கு இடம் உண்டு என்ற நம்பிக்கை அந்தக் கண்ணில் தெரிந்தது.

தோழர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வீட்ல கேட்டுச் சொல்றேன் தம்பி.”

வீட்டில் கேட்பதாம்! அண்ணியார் அடுப்படியில்தான் இருந்தார். குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்.

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். ஆறிப்போன தேநீரை நான் குடித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு நூறாண்டுக்கு முந்திய ஒரு மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது.

ஆண்டு 1917. ஊர் பரோடா. அமெரிக்காவில் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய ஓர் இளைஞர், படிக்கவைத்த பரோடா மன்னரின் அரசில் பணியாற்ற வந்து இறங்குகிறார். தங்க இடம் வேண்டும். இந்து விடுதியில் விடமாட்டார்கள். பார்சி விடுதி ஒன்று இருக்கிறது; ஆனால் அது பார்சிகளுக்கு மட்டும். விடுதிக் காவலாளிக்கோ வருமானமில்லை. நாளைக்கு ஒன்றரை ரூபாய் என்று பேசி, பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதி, மாடியில் இடம் கொடுக்கிறான். உடைந்த மரச்சாமான்கள் குவிந்துகிடக்கும் இருட்டுக் கூடம். துணைக்கு வௌவால்கள். பதினோராம் நாள் காலை, தடியோடு வந்து நிற்கிறது ஒரு பார்சிக் கூட்டம். ‘யார் நீ? மாலைக்குள் வெளியேறு!’

அவர் நண்பர்களைத் தேடிப் போகிறார். இந்து நண்பர் ஒருவர். நல்லவர், மனம் வருந்துகிறார். ஆனால், ‘நீ என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே’ என்கிறார். கிறித்தவ நண்பர் ஒருவர்; அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா, தோழர்களே? மனைவி நாளை வருகிறாள், அவளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார்!

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்!

பூங்காவில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, அன்றிரவே ரயிலேறிப் பம்பாய்க்குத் திரும்பினார் அந்த இளைஞர். அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். உலகமெல்லாம் கற்ற கல்வி அவருக்கு ஊருக்குள் ஓர் அறையைப் பெற்றுத்தரவில்லை. பிற்காலத்தில் அவரே இதை எழுதிவைத்தார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த விடுதிக் காவலாளிகூடப் பணத்துக்காகப் பத்து நாள் இடம் தந்தான். கொள்கை பேசும் நம் தோழர் பத்து நிமிடம்கூடத் தரவில்லை.

பரோடா எதற்கு? நம் திருவல்லிக்கேணிக்கே வாருங்கள். தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சென்னைக்குப் படிக்க வந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அந்நாளில் தங்க இடமில்லை, உண்ண இடமில்லை. விடுதிகளிலும் உணவுச்சாலைகளிலும் வருணம் பார்த்து வாசலை அடைத்தார்கள். டாக்டர் நடேசனார் என்ன செய்தார்? அறிக்கை விட்டாரா? 1916-ல் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்று ஒரு விடுதியைத் திறந்தார். அதே 1916-ன் இறுதியில் நீதிக்கட்சி பிறந்தது. மேடை, பந்தல், ஒலிபெருக்கி, சட்டமன்றம், கோட்டை எல்லாம் பின்னால் வந்தவை. முன்னால் வந்தது, பிள்ளைகள் படுக்க ஓர் இடம்! சேரன்மாதேவி குருகுலத்தில் ஒரே கூரையின்கீழ் ஒருவனுக்கு ஓரிடத்திலும் மற்றவனுக்கு வேறிடத்திலும் சோறு போட்டதை எதிர்த்துத்தானே, 1920-களில் பெரியாரின் குரல் உரத்து எழுந்தது? தங்கும் இடத்திலும் உண்ணும் இடத்திலும் பட்ட அவமானத்தில் வேர்விட்ட இயக்கம் இது. அந்த இயக்கத்தின் தோழன், அறையைக் கட்டிவைத்துக்கொண்டு ‘எந்தத் தெரு’ என்று கேட்பதா?

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத வேடிக்கைகளும் உண்டு. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ‘சைவம் மட்டும்’ என்று பலகை பார்த்தேன். படியேறினால் நெத்திலிக் கருவாடு குழம்பில் கொதிக்கிற மணம் மூக்கைத் துளைக்கிறது! “என்ன ஐயா இது?” என்றேன். “கருவாடு எங்களுக்கு, பலகை குடிவர்றவங்களுக்கு” என்றார் வீட்டுக்காரர். சல்லடைக்கு அவர் வைத்த பெயர் சைவம். அதில் யார் யாரெல்லாம் தங்காமல் கீழே விழவேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அவர்களெல்லாம் விழுவார்கள். ‘நான் சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, சாப்பாட்டைத்தான் கேட்டேன்’ என்று இவரும் கைகழுவிக்கொள்வார். இசுலாமியத் தோழர் ஒருவரிடம் சென்னையில் வீடு தேடிய கதையைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மாலை போதாது.

மாடி அறைத் தோழரிடம் திரும்புகிறேன். கேட்டேன். “அண்ணே, என்னண்ணே இப்படிச் செய்துட்டீங்க?”

“எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. பக்கத்து வீட்டுக்காரன் பேசுவான். நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க அரிவாளோட வந்து நின்னா, இந்த வயசுல நான் என்ன பண்ணுவேன்?”

இந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பலர் பார்த்துக்கொண்டிருக்கக் கடைவீதியில் சங்கரை வெட்டிச் சாய்த்தார்களே! கௌசல்யாவின் தலையிலும் வெட்டு விழுந்ததே! அரிவாள் வெறும் கற்பனை அல்ல. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றமே, இப்படி மணந்த இணையருக்கு மாவட்டத் தலைநகரங்களில் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதுபற்றி மாநில அரசுகள் ஆராயவேண்டும் என்று சொல்லும் நிலை வந்தது என்றால், நாடு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் தோழர்களே, அச்சம் உண்மையென்றால் வேறொன்றும் உண்மை. கொல்ல வருபவன் எங்கே தேடுகிறான்? இடமின்றி அலைபவர்களைத் தேடுகிறான். பேருந்து நிலையத்தில், சாலையோரத்தில், இன்று ஓர் ஊர் நாளை ஓர் ஊர் என்று திரிபவர்களைத் தேடுகிறான். முகவரி உள்ளவனுக்குக் காவல் நிலையத்தில் ஒரு தாள் கொடுக்க முடியும்; அக்கம்பக்கம் நாலு பேர் முகம் தெரியும்; கூப்பிட்டால் ஓடிவரக் கிளைத் தோழர்கள் இருப்பார்கள். 1967-ல் அண்ணா முதலமைச்சராக அமர்ந்ததும், புரோகிதரின்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டம் செய்தாரே, எதற்கு? அப்படி மணந்தவர்கள் ஊரூராக ஒளிந்து திரியவா?

தோழரிடம் இன்னொன்றும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் நாக்கு நம் தொழிலாயிற்றே! “அண்ணே, அரிவாள் ஞாபகம் உங்களுக்கு எப்ப வந்தது? கழுத்தைப் பார்த்த பிறகு. ‘எந்தத் தெரு’ன்னு கேட்டது அதுக்கு முன்னாடி.”

அவர் பதில் சொல்லவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அந்த அறை என்ன ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் பூட்டிக்கிடந்தது. அப்புறம் ஒரு காண்ட்ராக்டர் வந்தார். வடமாநிலத்துத் தொழிலாளர் எட்டுப் பேர். தலைக்கு 1,500 ரூபாய். ஆக 12,000! ஒரு குடும்பத்துக்கு விட்டிருந்தால் 4,500 ரூபாய் பெயராத அறை! பத்துக்குப் பன்னிரண்டில் எட்டு உடல்கள், அதுவும் ஷீட் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில். இப்போது தோழர் தெருவையும் கேட்கவில்லை, கழுத்தையும் பார்க்கவில்லை. காசு பேசினால் கேள்விகள் ஊமையாகிவிடுகின்றன!

இங்கே என்னை யாரும் தவறாகக் கொள்ளவேண்டாம். அந்த எட்டுப் பேரை நான் குறை சொல்லவில்லை. நாம் எதிர்த்தது இந்தியின் ஆதிக்கத்தை. 1965-ல் நம் மாணவர்கள் குருதி சிந்தியது அதற்காக. பீகாரிலும் ஒடிசாவிலும் பிழைப்பின்றிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ஏழையை எதிர்த்து எவரும் கிளம்பவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளரைத் தாக்குகிறார்கள் என்று போலிக் காணொளிகளைப் பரப்பினார்களே, அந்தப் பொய்யை முறியடித்தவர்கள் நாம். நம்மவன் தாராவியில் குடிசைபோட்டுத் தோல் பதனிட்டவன். 1966-ல் பம்பாயில் சிவசேனை பிறந்தபோது, ‘மதராசியே வெளியேறு’ என்ற கூச்சலைக் கேட்டவன். அந்தக் கூச்சல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். தெரிந்தவன், எட்டுப் பேரை ஓர் அறையில் மூட்டைபோல அடுக்கிவைத்துத் தலைக்கு எண்ணி வாங்கலாமா?

சரி, திட்டியது போதும். அறை கட்டியிருக்கும் தோழனுக்கும் கட்டப்போகும் தோழனுக்கும் சில சொல்கிறேன். என் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. சட்டம் படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கடன்பட்டுக் கட்டாதே. நூற்றுக்கு மாதம் மூன்று வட்டியில் 3 லட்சம் வாங்கினால், மாதம் 9,000 ரூபாய் வட்டிக்கே போகும். அறைக்கு வருவது 4,500. அப்புறம் அந்த வயிற்றெரிச்சல் குடியிருப்பவன் தலையில்தானே விடியும்? தண்ணீர் ஏன் இவ்வளவு, விளக்கு ஏன் இவ்வளவு நேரம், விருந்தாளி ஏன் வந்தான் என்று மாடியை நோக்கிக் கத்திக்கொண்டே இருப்பாய். ஒண்டுக் குடித்தனத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கத்தலின் ராகம் தாளம் எல்லாம் மனப்பாடம். கையிலிருக்கும் காசில், சீட்டு எடுத்த காசில், முடிந்த அளவு கட்டு.

வாய்ப்பேச்சில் விடாதே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பின்னர் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஆண்டது. இப்போது அது இல்லை. 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும் என்கிறது. எழுதிக்கொள்ள ஏன் அஞ்சவேண்டும்? எழுத்து உனக்கும் காவல், அவனுக்கும் காவல்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ஏதோ தொல்காப்பியர் வகுத்த இலக்கணம்போல ஆகிவிட்டது! சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. ‘வேறுவிதமாக’ என்ற அந்த ஒரு சொல்லின் சந்தில் புகுந்துதான் பத்து மாதத்தைக் கறக்கிறார்கள். கழகத் தோழன் அந்தச் சந்தில் புகவேண்டாம். 4,500 ரூபாய் அறைக்கு 45,000 ரூபாயை, வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆன பையன் எங்கிருந்து கொண்டுவருவான்? அம்மாவின் கம்மலை அடகுவைத்துத்தான் கொண்டுவருவான். காலி செய்த பிறகு, சேதாரம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும். ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், தருகிறேன்’ என்பதெல்லாம் வழக்கம், சட்டம் அல்ல.

மின்சாரம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து வந்தது. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அந்த இலவசம் அவருக்கு. குடியிருப்பவனிடமோ முதல் யூனிட்டிலிருந்தே விலைபோட்டு வாங்குகிறார்கள்! அரசு சும்மா கொடுத்ததை அடுத்தவனுக்கு விற்பதற்கு என்ன பெயர்? ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் எரித்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும் என்பது உண்மைதான். உபமீட்டர் ஒன்று மாட்டி, வந்த சீட்டைக் காட்டி, எரித்ததற்கு ஏற்பப் பங்குபோட்டு வாங்கு. அவன் கணக்குக் கேட்டால் கோபப்படாதே. கணக்குக் கேட்பது தொழிலாளியின் பிறப்புரிமை என்று நீதானே தொழிற்சங்க மேடையில் பேசினாய்! வாடகை பாக்கி என்றால் வழக்கு உண்டு, வழி உண்டு. தண்ணீரை நிறுத்துவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் கூடாது. சட்டமும் அதைத் தடுக்கிறது.

பெண்கள் பலரைச் சேர்த்துச் சோறும் போட்டு விடுதியாக நடத்த எண்ணினால், அது வேறு கணக்கு. அதற்கு 2014-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. உரிமம் வாங்காமல் தொடங்காதே.

இன்னும் ஒன்று. மாடியில் இருப்பவனும் வீடுள்ளவன். நீ கட்டிய அறைதான், உன் செங்கல்தான், உன் சிமெண்ட்தான். ஆனால் வாடகை வாங்கிய பிறகு கதவைத் தட்டாமல் நுழையக்கூடாது. அவன் மனைவியோடு பேசுவதைப் படிக்கட்டில் நின்று கேட்கக்கூடாது. இதையும் எழுத வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதவேண்டியிருக்கிறது.

அந்த விழுப்புரத்துப் பையனும் சேலத்துப் பெண்ணும் எங்கே போனார்கள் என்று கேட்கிறீர்களா? அதே ஊரில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இட்லிக்கடை போட்டிருக்கும் ஓர் அம்மா. கணவர் இல்லை. எந்தக் கட்சியிலும் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு. பெரியாரை ஒரு சொல் படித்திருக்கமாட்டார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. மழை பெய்தால் ஒரு மூலையில் ஒழுகும். அதை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். அட்வான்ஸ் இரண்டு மாதம். வாடகை வரவை, பால்காரன் கணக்கு எழுதும் அதே நோட்டில், மாதாமாதம் அந்தப் பெண்ணையே எழுதச்சொல்லித் தன் கைநாட்டை வைக்கிறார்.

நான் அங்கே இட்லி தின்றுகொண்டே கேட்டேன், “இவங்க யாரு என்னன்னு ஒண்ணும் கேக்கலையாம்மா?”

“கேட்டேனே” என்றார் அந்த அம்மா. “குழாயில தண்ணி காலையில அஞ்சு மணிக்குத்தான் வரும். எழுந்திருப்பியான்னு கேட்டேன்.”

சட்னி வாளியோடு உள்ளேயிருந்து வந்த அந்தப் பெண் சிரித்தாள். “நாலரைக்கே எழுந்துடுறேன்ம்மா.”